ஓடுகிற எழுத்துக்கள்!

வாசலில் உங்கள் பிள்ளையோ பெண்ணோ கழற்றிப் போட்டிருக்கும் விளையாட்டுப் பூட்ஸைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். சேறாக இருந்தால் ஓரமாகப் பிடித்துக் கொள்ளுங்கள்! அதன் மேல் கம்பெனியின் பெயர் போட்டிருக்கும். எழுத்துக்கள் நல்ல தடிமனாக, வலது பக்கம் சாய்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். விசில் ஊதியதும் பாய்வதற்குத் தயாராகக் குனிந்து நிற்கும் ஓட்டப் பந்தயக்காரர்களைப் போல அவை நிற்கும்.

பூட்ஸ் மட்டுமா? மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கி, பந்தயக் காரின் முதுகு, "இன்னும் இரண்டே நாள்!" என்று அலறும் தள்ளுபடி நோட்டீஸ் - எங்கே அவசரமோ அங்கே இந்த எழுத்து வந்து நிற்கும்.

இப்போது பீரோவைத் திறந்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் தேடி எடுங்கள். மணமகன், மணமகள் பெயர்களைக் கவனியுங்கள். பல பத்திரிகைகளில் அவையும் சாய்ந்த எழுத்துக்கள்தாம். ஆனால் கோடுகள் மெல்லியவை, வளைவுகள் நளினமானவை. அவற்றைப் பார்த்தால் ஓட வேண்டும் என்று தோன்றாது. உட்கார்ந்து நாதஸ்வரம் கேட்கலாம் என்றுதான் தோன்றும்.

ஒரே சாய்வு. ஒன்று குழைகிறது, மற்றொன்று பாய்கிறது. குழைந்து கொண்டிருந்த எழுத்துக்கு ஓடக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? அது ஓடும்போது நம்மையும், நம் கைப்பையையும் ஏன் சேர்த்து இழுத்துக் கொண்டு ஓடுகிறது? மாதச் செலவைக் கணக்குப் பார்க்கும் ஒவ்வொரு பெண்மணியும் தெரிந்து கொள்ள வேண்டிய கதை இது.

துறவியின் கையில்

தெருக்களுக்குப் பதில் கால்வாய்கள் ஓடும் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பண்டிதர் ஓர் அச்சுக்கூடம் நடத்தி வந்தார். 1500ஆம் ஆண்டில், ஸியன்னா நகரத்துக் காதரீன் என்ற பெண் துறவியின் கடிதங்களை அவர் புத்தகமாக வெளியிட்டார். காதரீன் 1347இல் பிறந்து 1380இல் மறைந்தவர். புத்தகத்தில் அந்த அம்மையாரின் சித்திரம் ஒன்று இருந்தது. சித்திரத்தில் அவர் ஏந்தியிருக்கும் திறந்த புத்தகத்தில் இறைவன் பெயரைச் சொல்லும் சில சொற்கள் மட்டும் சாய்ந்த அச்செழுத்தில் இருந்தன. அச்சில் சாய்வெழுத்து முதன் முதலாகத் தலை காட்டியது இங்கேதான். ஒரு பெண்ணின் கையில், பிரார்த்தனையாக!

அடுத்த ஆண்டு, 1501இல், லத்தீன் மகாகவி வர்ஜிலின் காவியங்களை முழுக்க முழுக்கச் சாய்வெழுத்திலேயே ஆல்டஸ் அச்சிட்டார். கையில் அடங்கும் சின்னப் புத்தகம் அது. அக்காலத்துப் பண்டிதர்கள் விரைந்து எழுதும்போது கையெழுத்து லேசாகச் சாயும். அந்தச் சாயலை அப்படியே அச்சில் கொண்டு வந்தார்கள். படிக்கிறவருக்கு ஒரு நண்பரின் கடிதத்தைப் படிப்பது போன்ற உணர்ச்சி. ஒரு வேடிக்கை: சிறிய எழுத்துக்கள்தான் சாய்ந்தன. பெரிய எழுத்துக்கள் மட்டும், கூட்டத்தில் வளையாத பெரிய மனிதர்களைப் போல், விறைப்பாக நிமிர்ந்தே நின்றன! அவையும் சாய்வதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

இத்தாலியில் பிறந்ததால் ஆங்கிலத்தில் இந்த எழுத்துக்கு 'இடாலிக்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. எஃகில் ஒவ்வொரு எழுத்தாக அதைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற தொழிலாளி. வர்ஜில் புத்தகத்தில் ஆல்டஸ் அவரை மெச்சிச் சில வரிகள் எழுதத்தான் செய்தார். ஆனால் அந்த எழுத்தை உபயோகிக்கும் ஏகபோக உரிமையை வெனிஸ் அரசாங்கத்திடம் வாங்கியபோது, உரிமை ஆல்டஸுக்குத்தான் கிடைத்தது. கிரிஃபோ ஊரை விட்டே போய்விட்டார். 'அந்த எழுத்துக்களின் உண்மையான கர்த்தா இவர்தான்' என்று ஸான்சீனோ என்ற மற்றோர் அச்சகக்காரர் 1503இல் எழுதி வைத்தார். எழுத்தைச் செய்தவர் ஒருவர், அதனால் லாபம் அடைந்தவர் வேறொருவர் என்ற கதை சாய்வெழுத்துக்குப் பிறக்கும்போதே ஒட்டிக் கொண்டு விட்டது. பின்னால் இதை மறுபடியும் பார்க்கப் போகிறோம்.

காமிரா செய்த குறும்பு

சுமார் 400 ஆண்டுகள் சாய்வெழுத்து சாதுவாகவே இருந்தது. புத்தகத்தின் பெயர், அந்நிய மொழிச் சொல், அழுத்திச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை - நாளடைவில் இப்படிச் சின்னச் சின்ன வேலைகள்தான் அதற்கு மிஞ்சின. பிறகு மோட்டார் வண்டி வந்தது.

பிரான்ஸ் தேசத்தில் ஒரு மோட்டார் பந்தயம். ழாக் ஆன்ரி லார்த்திக் என்ற இளைஞன் பாதை ஓரத்தில் காமிராவோடு நின்று கொண்டிருந்தான். ஒரு கார் சீறிக் கொண்டு வந்தது. அதைத் தொடர்ந்து காமிராவைத் திருப்பியபடியே படம் பிடித்தான். படத்தைக் கழுவிப் பார்த்தால், காரில் பாதிதான் விழுந்திருந்தது! அதைவிட விசித்திரம், வட்டமான பின் சக்கரம் முட்டை போல நீண்டு முன்பக்கம் சாய்ந்திருந்தது. பாதை ஓரத்து மனிதர்களும் கம்பங்களுமோ பின்பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

காரணம் இதுதான். அவனுடைய காமிராவில் திரை முழுவதும் ஒரே சமயத்தில் திறக்காது. குறுகிய பிளவு ஒன்று படத்தகட்டின் குறுக்கே நகர்ந்து செல்லும். சக்கரத்தின் அடிப்பாகம் முதலில் பதிவாகும். மேல்பாகம் ஒரு கணம் கழித்துப் பதிவாகும். அந்த ஒரு கணத்தில் கார் முன்னால் போய்விடுகிறது. ஆகவே சக்கரத்தின் தலை முன்னே, கால் பின்னே! காமிரா திரும்பிக் கொண்டிருந்ததால், நின்றிருந்த கம்பங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன.

வீணாய்ப் போன படம் என்று அது வெகு காலம் கிடந்தது. 1963இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் லார்த்திக்கின் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது உலகமே அவரைக் கொண்டாடியது. இன்று வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரும் அந்தச் சாய்ந்த சக்கரத்தை மறப்பதில்லை. கேலிச் சித்திரக்காரர்களும் ஓடும் வண்டியைப் போட வேண்டுமானால், சக்கரங்களை முன்னால் தள்ளிச் சாய்த்து விடுகிறார்கள். நாமும் 'அடேயப்பா, என்ன வேகம்!' என்கிறோம்.

இதில் இயற்கையும் கொஞ்சம் உண்டு. நிமிர்ந்து நிற்கும் கம்பம் நிற்கும். சாய்ந்த கம்பத்தைப் பார்த்தால் விழப் போகிறதோ என்று மனம் துணுக்குறும். ஓடுகிறவனும் முன்பக்கம் சாய்ந்துதான் ஓடுகிறான்.

'முன்பக்கம்' என்பது எது? தமிழும் ஆங்கிலமும் படிக்கிற நமக்கு அது வலது பக்கம். வலமிருந்து இடமாகப் படிக்கும் பாரசீகர்களுக்கு? கோலாம் ஹுசேன் மோசாஹப் என்ற ஈரானிய அறிஞர் தம் மொழிக்கென்று இடது பக்கம் சாய்ந்த எழுத்தை ஏற்படுத்தி, அதற்கு 'இரானிக்' என்று பெயர் வைத்தார். கண் எந்தத் திசையில் நடக்கிறதோ, அந்தத் திசையில் எழுத்து சாய்ந்தால்தான் அது ஓடுவதாகத் தோன்றுகிறது போலும்!

"வேகமே அழகு!"

வேகத்துக்கு ஒரு மதமே ஏற்படுத்த முயன்றவர் மாரினெட்டி என்ற இத்தாலியக் கவிஞர். 1909 பிப்ரவரி 20ஆம் தேதி பாரிஸ் நகரத்து 'லெ ஃபிகாரோ' பத்திரிகையின் முதல் பக்கத்தில் அவருடைய பிரகடனம் வெளியாயிற்று. பழைய கிரேக்கச் சிற்பத்தைவிட உறுமிக் கொண்டு பாயும் பந்தயக் கார் அழகானது என்று அதில் அடித்துச் சொன்னார். தம்மையும் தம் தோழர்களையும் 'எதிர்காலவாதிகள்' என்று அழைத்துக் கொண்டார்.

1913இல் அவர் பார்வை அச்சுப் பக்கத்தின் மேல் திரும்பியது. பக்கம் முழுவதும் ஒரே மாதிரி எழுத்து எதற்கு? விரைவான உணர்ச்சிகளுக்குச் சாய்வெழுத்து. பலத்த ஓசைகளுக்குத் தடித்த எழுத்து. தேவையானால் ஒரே பக்கத்தில் இருபது வகை எழுத்து, மூன்று நான்கு வர்ண மை! இப்படி விதி வகுத்தார். பிரார்த்தனைச் சொல்லாகப் பிறந்த எழுத்துக்கு வேகத்தின் வேலை கிடைத்தது இப்படித்தான்.

ஆனால் மாரினெட்டி வேகத்தை மட்டும் புகழவில்லை. அதே பிரகடனத்தில் யுத்தத்தையும் வாழ்த்தினார், பெண்களை இகழ்ந்தார். பிற்பாடு முஸோலினியின் பக்கம் சேர்ந்தார். 'நில்லாதே, யோசிக்காதே, பாய்!' என்ற மந்திரம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எதிர்காலம் என்று ஒரு பெயர்

எதிர்காலம் என்ற பெயர் ஜெர்மனியில் ஓர் எழுத்துக்கே வாய்த்தது. அதைச் செய்தவர் மாரினெட்டிக்கு நேர்மாறான சுபாவம் உடையவர். பெயர் பால் ரென்னர். 1927இல் பிராங்க்பர்ட் நகரத்து பவர் வார்ப்பகம் அவருடைய எழுத்தை வெளியிட்டது. அதன் பெயர் 'ஃபூச்சுரா'. லத்தீனில் 'எதிர்காலம்' என்று பொருள்.

வட்டம், முக்கோணம், சதுரம் - இந்த மூன்றையும் வைத்துக் கொண்டு ஒரு குழந்தை வீடு கட்டியது போன்ற எழுத்து அது. கொக்கி இல்லை, குஞ்சம் இல்லை. மெலிந்தது, தடித்தது, சாய்ந்தது, இடுக்கமானது என்று ஒன்றன்பின் ஒன்றாக அதன் குடும்பம் பெருகிற்று.

ரென்னர் சாதுதான், ஆனால் கோழை அல்ல. நாஜிகளின் கலைக் கொள்கையைக் கண்டித்து 1932இல் ஒரு சிறு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு ஹிட்லர் பதவிக்கு வந்தார். ரென்னரைக் கைது செய்தார்கள். மியூனிக் நகரத்து அச்சுக் கலைப் பள்ளியில் அவர் வகித்த பதவியும் போயிற்று. அவர் எழுத்து மட்டும் உலகம் சுற்றியது. 1969இல் சந்திரனுக்கே போய்விட்டது! அபோலோ 11 விண்வெளி வீரர்கள் சந்திரனில் விட்டு வந்த தகட்டில், 'சமாதானமாக வந்தோம்' என்று தெரிவிக்கும் வாசகம் ஃபூச்சுரா எழுத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே எழுத்துக்கள் நிமிர்ந்து நிற்கின்றன. சந்திரனில் யாருக்கும் அவசரம் இல்லை அல்லவா?

பூமியில்தான் அவசரம். இங்கே அதே ஃபூச்சுராவைத் தடிக்க வைத்து, சாய்த்து, ஓட விட்டார்கள்.

சீட்டுக்கட்டுப் பரீட்சை

எழுத்தைச் சாய்ப்பது என்ன பிரமாதம் என்று நினைக்கலாம். வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தால் குழந்தைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கொண்டு ஒரு பரீட்சை செய்யுங்கள். (பழைய கட்டாக இருக்கட்டும்.) கட்டை இறுக்கிப் பிடித்து, அதன் பக்கவாட்டில் தடித்த பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். கோடு எங்கும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். இப்போது அடிச் சீட்டை அசைக்காமல், மேலே போகப் போக ஒவ்வொரு சீட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் தள்ளுங்கள்.

வட்டம் சாய்ந்த முட்டையாகி விட்டது அல்லவா? கோட்டை உற்றுப் பாருங்கள். வலப்பக்க மேல் முனையிலும் இடப்பக்கக் கீழ் முனையிலும் அது பருத்திருக்கும். மற்ற இரு முனைகளில் இளைத்திருக்கும். ஒரே கோடாக இருந்தது ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் மெலிந்து போயிற்று.

வெறுமனே சாய்த்தால் இந்தக் கதிதான். எழுத்து தடிக்கத் தடிக்கக் கோணல் அதிகமாகத் தெரியும். ஆகையால் நல்ல எழுத்துக் கலைஞர் சாய்த்த பிறகு மறுபடி உட்காருகிறார். வீங்கிய இடத்தைச் செதுக்கி, இளைத்த இடத்துக்குச் சதை போட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சீர்படுத்துகிறார். இன்று கம்ப்யூட்டர் ஒரு நொடியில் எந்த எழுத்தையும் சாய்த்துக் கொடுத்து விடும். சீர்படுத்தக் கண் வேண்டும். ஒரு கணத்தில் பாய்ந்து விட்டது போல் தோன்றும் எழுத்துக்குப் பின்னால், நிதானமாக உட்கார்ந்து பார்த்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

முப்பத்தைந்து டாலர்

அமெரிக்காவில் போர்ட்லந்து நகரத்துக் கல்லூரியில் கரோலின் டேவிட்ஸன் என்ற மாணவி சித்திரக் கலை படித்துக் கொண்டிருந்தார். அங்கே கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் பில் நைட். அவர் சொந்தமாக ஒரு பூட்ஸ் வியாபாரமும் ஆரம்பித்திருந்தார். 1971இல் தம்முடைய பூட்ஸுக்கு ஓட்டத்தைக் காட்டும் ஓர் அடையாளக் குறி வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவர் வரைந்து கொடுத்ததுதான் இன்று உலகம் முழுவதும் தெரிந்த அந்த வளைந்த கோடு. கம்பெனியின் பெயர் 'நைகி'. கூலி 35 டாலர்!

நைட்டுக்கு அது முதலில் அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். போகப் போகப் பிடிக்கும் என்று எடுத்துக் கொண்டார். சில ஆண்டுகளில் அந்தக் கோட்டுக்கு மேலே கம்பெனியின் பெயர் தடித்த, இடுக்கமான, சாய்ந்த ஃபூச்சுரா எழுத்துக்களில் ஏறிக் கொண்டது. கோடும் ஓடியது, எழுத்தும் ஓடியது, வியாபாரமும் ஓடியது. 1983இல் கம்பெனியார் டேவிட்ஸனை விருந்துக்கு அழைத்து, வைரம் பதித்த மோதிரத்தையும் கம்பெனிப் பங்குகளையும் கொடுத்தார்கள். கிரிஃபோவைவிட இந்தப் பெண் பாக்கியசாலி என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தாவது நினைத்துக் கொண்டார்களே!

எழுத்தைத் திருப்பிப் பிடித்த பெண்மணி

இனிமேல்தான் நம் கதையின் நாயகி வருகிறார். பார்பரா க்ரூகர் 1945இல் பிறந்தவர். நியூயார்க்கில் 'மட்மாஸல்' என்ற பெண்கள் பத்திரிகையில் பக்கங்களை அமைக்கும் வேலை பார்த்தவர். எந்தப் படத்துக்கு மேல் எந்த எழுத்தைப் போட்டால் படிக்கிற பெண்ணின் மனசு எந்தப் பக்கம் சாயும் என்பது அவருக்கு அத்துபடி.

இந்த வித்தையை அவர் வெளியே எடுத்து வந்தார். 1980 வாக்கிலிருந்து பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் சில சொற்களை ஒட்டலானார். பெரும்பாலும் சிவப்புப் பட்டை. அதில் வெள்ளை எழுத்து. எழுத்து எது தெரியுமா? தடித்துச் சாய்ந்த ஃபூச்சுரா! விளம்பரம் போலவே இருக்கும். கிட்டே போய்ப் படித்தால் விளம்பரத்தின் குரலே நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்கும். 1987இல் ஒரு படம்: நீட்டிய கை, அந்தக் கையில் ஒரு சீட்டு. 'பொருள் வாங்குவதால்தான் நான் இருக்கிறேன்' என்ற கருத்து அந்தச் சீட்டில். சிரிப்பும் வருகிறது, சுருக்கென்றும் இருக்கிறது. 1989இல் வாஷிங்டனில் பெண்கள் தங்கள் உடல் மீதான உரிமைக்காகத் திரண்டு ஊர்வலம் போனபோது, அதற்காக ஒரு பெண் முகத்தை இரு பாதியாகப் பிரித்துக் காட்டிச் சுவரொட்டி செய்தார். அதிலும் இந்தச் சாய்ந்த எழுத்துத்தான்.

'ஓடு, வாங்கு' என்று சொல்லப் பழகிய எழுத்தை 'நில், யோசி' என்று சொல்ல வைத்து விட்டார் இந்தப் பெண்மணி!

கதை இத்தோடு முடிந்திருந்தால் சுபம். 1994இல் நியூயார்க்கில் 'சுப்ரீம்' என்ற கடை திறந்தார்கள். சிவப்புக் கட்டத்துக்குள் வெள்ளையாகச் சாய்ந்த ஃபூச்சுரா எழுத்தில் அதன் பெயர். வியாபாரத்தைக் கேலி செய்த உருவமே வியாபாரச் சின்னமாகி விட்டது. அதோடு விட்டார்களா? ஒரு பெண் நடத்திய சிறு உடைக் கம்பெனி அந்தச் சின்னத்தைக் கேலி செய்து சட்டை போட்டபோது, 2013இல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள்! விவகாரம் பின்னர் சமரசத்தில் முடிந்தது. க்ரூகரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். இந்த மாதிரிக் கூத்துக்களைப் பற்றித்தான் தாம் படம் செய்து வருவதாகவும், தம் மேலும் எப்போது வழக்குப் போடுவார்கள் என்று காத்திருப்பதாகவும் அவர் நையாண்டியாகப் பதில் எழுதினார்.

உங்களிடம் ஒரு வார்த்தை

சகோதரிகளே, நாம் வார்த்தையைப் படிக்கிறோம், எழுத்தைப் படிப்பதில்லை. ஆனால் வார்த்தைக்கு முன்னால் எழுத்து நம்மிடம் பேசி விடுகிறது. அதுதான் அதன் சாமர்த்தியம். 'தள்ளுபடி' என்ற அதே சொல்லை நிமிர்ந்த மெல்லிய எழுத்தில் போட்டால் அது ஒரு செய்தி. தடித்துச் சாய்ந்த எழுத்தில் போட்டால் அது ஒரு தள்ளு! யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்த மாதிரி இருக்கும்.

எழுத்தின் மேல் குற்றம் இல்லை. துறவியின் கையில் அது பிரார்த்தனை செய்தது. மாரினெட்டியிடம் கர்ஜித்தது. பூட்ஸில் ஏறிப் பந்தயம் ஓடியது. க்ரூகரிடம் நியாயம் கேட்டது. யார் சாய்க்கிறார்களோ அவர்கள் பக்கம் அது பேசும்.

ஓட வேண்டிய இடத்தில் நாமும் ஓடத்தான் வேண்டும். உங்கள் பெண் பள்ளிக்கூடப் பந்தயத்தில் பாய்ந்து ஓடட்டும்; அவள் சட்டையில் எண்ணும் பெயரும் அழகாகச் சாய்ந்திருக்கட்டும். பார்க்கிற நமக்கும் உற்சாகம். ஆனால் கடை வாசலில் ஓர் எழுத்து உங்கள் மேல் சாய்ந்து கொண்டு அவசரப்படுத்தினால், அப்போது மட்டும் ஒரு காரியம் செய்யுங்கள். அது எவ்வளவு சாய்ந்தாலும் சாயட்டும். நீங்கள் நிமிர்ந்து நின்று விலையைப் படியுங்கள். விலை எண்ணும் சாய்ந்திருந்தால், இன்னொரு முறை படியுங்கள்!